மாட்டுக்கு முன்னால் வாய் கொப்பளித்த கதை

யாராவது தண்ணீர்த் தம்ளரை நீட்டினால், முதல் வாயை விழுங்காமல் ஒரு நொடி நாக்கிலேயே வைத்திருப்பது என் வழக்கம். புதிதாகப் பார்க்கிறவர்கள் பல்வலியா என்று கேட்பார்கள். பல்வலி இல்லை, பழைய உத்தியோகத்தின் மிச்சம். அந்த உத்தியோகத்தில் எனக்கு மேலதிகாரிகளாக இருந்தவை இரண்டு மாடுகள்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்துக்கு வெளியே, கிளியனூர் போகிற சாலையில் ஒரு எஞ்சினியரிங் கம்பெனியில் நான் ஸ்டோர் கிளார்க். வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு தகரக் கொட்டகை, ஒரு புகைக்கூண்டு, பத்து மணிக்கு ஊத வேண்டிய சங்கைப் பத்தே காலுக்கு ஊதுகிற ஒரு வாட்ச்மேன். இரும்பு வாளி, கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற சால், மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கிற மெஷின், இவைதான் நாங்கள் செய்தவை. முதலாளி விழுப்புரத்தில் இருந்தார். மாதம் ஒருமுறை வந்து, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார்.

சுற்றுச்சூழல் என்கிற வார்த்தை அப்போது எங்கள் கம்பெனிக்கு வந்து சேரவில்லை. நாற்றம் மட்டும் வந்து சேர்ந்திருந்தது. வாளிக்குத் துத்தநாகம் பூசுவதற்கு முன்னால் தகட்டை ஆசிட் தொட்டியில் முக்கித் துருவை எடுக்க வேண்டும். பிறகு தண்ணீரில் அலச வேண்டும். அலசின தண்ணீர் எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. அது பாட்டுக்குப் பின்பக்கமாக ஏரி வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கேட்டது, வாய்க்கால் போய்ச் சேருகிற முதல் நிலத்துக்குச் சொந்தக்காரம்மா. ஐம்பது வயதிருக்கும். புருஷன் போன பிறகு நாலு காணி நிலத்தையும் ஒரு ஜோடி மாட்டையும் ஒற்றை ஆளாக வைத்துச் சமாளித்தவர். ஒருநாள் காலையில் கம்பெனி வாசலில் வந்து நின்று மேனேஜரைக் கூப்பிடச் சொன்னார். குரல் ஒன்றும் உயரவில்லை.

“உங்க தண்ணிய வாயில வெச்சா பல்லு கூசுதுங்க. என் மாடு ரெண்டும் மத்தியானத்துல ஏர அவுத்தா அங்கதான் தண்ணி குடிக்குது. அதுங்களுக்கு எதுனா ஆச்சுன்னா நான் யார் கழுத்துல நுகத்தடி வெச்சி ஓட்டறது? நீங்க வருவீங்களா?”

மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். நேர்மையானவர், சிரிக்கத் தெரியாதவர். ஒரு வாரத்தில் வழி செய்கிறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லி அனுப்பிவிட்டு, எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று கேட்டார். கூட்டம் அமைதியாக இருந்தது. அமைதியாக ஒரு கூட்டம் இருந்தால் எனக்கு நாக்கில் அரிப்பெடுக்கும்.

“மாட்டு வயித்துல துரு எதுனா இருந்தா போயிடும் சார். நல்லதுதானே?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உங்களுக்கு இதுல இவ்வளவு ஆர்வம் இருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சே. நாளையிலிருந்து அந்தத் தண்ணி உங்க பொறுப்பு.”

இப்படித்தான் நான் அந்தக் கம்பெனியின் கழிவுத் தண்ணீருக்கு அதிகாரி ஆனேன்.

ஏற்பாடு என்னவோ எளிமையானதுதான். பின்பக்கம் ஒரு குழி வெட்டி, சுவர் கட்டி, வாய்க்கால் பக்கம் ஒரு மதகுப் பலகை வைத்தோம். அலசின தண்ணீர் குழியில் தேங்கும். அதில் மரக்காணத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டிக் கலக்கினால் ஆசிட்டின் வேகம் அடங்கும். ஒருநாள் தெளியவிட்டு, தண்ணீரைச் சோதித்து, சரியாக இருந்தால் செவ்வாயும் வெள்ளியும் காலையில் பலகையைத் தூக்க வேண்டும். சுண்ணாம்பு கொட்டுவதும் கலக்குவதும் ஆசிட் தொட்டிக்காரர் வேலை. சோதித்துப் பார்த்துப் பலகையைத் தூக்கச் சொல்வது என் வேலை.

சோதிக்கிற காகிதம் சென்னையிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஒரு மாதத்தில் தீர்ந்தது. மறுபடி எழுதிப் போட்டால் வருகிறது வருகிறது என்று பதில்தான் வந்தது. அந்தச் சமயத்தில் வளவனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண் மாப்பிள்ளைக்கு ஆலம் சுற்றுவதற்காக என் மச்சினி தாம்பாளத்தில் மஞ்சளைக் கரைத்து, ஒரு சிட்டிகை சுண்ணாம்பைப் போட்டாள். குபுக்கென்று சிவந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். ஆனால் அன்றைக்கு எனக்குள் ஒரு விஞ்ஞானி எழுந்து உட்கார்ந்துவிட்டான். பந்தியில்கூட உட்காரத் தோன்றவில்லை. இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தேன் என்பது வேறு விஷயம்.

ஊருக்கு வந்ததும் வெள்ளைக் காகிதத்தை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, துண்டு துண்டாக வெட்டிக்கொண்டேன். குழித் தண்ணீரில் ஒரு துண்டை முக்குவேன். இடது உள்ளங்கையில் அதைப் பரப்பி, வலது ஆள்காட்டி விரலால் அழுத்தி நீவிவிடுவேன். ஆசிட் மிச்சம் இருந்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். சுண்ணாம்பு ஜெயித்திருந்தால் சிவக்கும். என் காகிதம் ஒவ்வொரு தடவையும் சிவந்தது. அதுவும் நடுவில், சாந்துப் பொட்டு வைத்த மாதிரி அழகாகச் சிவந்தது. ஒவ்வொரு துண்டையும் ஒரு நோட்டில் ஒட்டி, கீழே கிழமையும் தேதியும் எழுதி, நீளமாகக் கையெழுத்துப் போட்டு வைத்தேன்.

மேனேஜர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். விஷயம் விழுப்புரத்துக்கு எட்டியது. முதலாளியைப் பார்க்கப் பம்பாயிலிருந்து யாரோ வருகிறார்களாம். அவர்களிடம் காட்ட வேண்டுமாம். வெள்ளிக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு என்னையே நேரில் வரச் சொன்னார்கள். வியாழன் இரவே என் வேட்டிக்குக் கஞ்சி போட்டாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போலக் காகிதத்தை முக்கினேன், நீவினேன், பொட்டு சிவந்தது. “தூக்குப்பா” என்றேன். தொட்டிக்காரர் பலகையைத் தூக்கினார். நான் துண்டை நோட்டில் ஒட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் நோட்டு. எனக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தரம் வெற்றிலை போட வேண்டும். அதிலும் சந்தோஷம் வந்துவிட்டால் கணக்கில்லை. விக்கிரவாண்டி தாண்டியதும் ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளி, டப்பியிலிருந்து சுண்ணாம்பை ஆள்காட்டி விரலால் தொட்டு இலையின் முதுகில் தடவி, மடித்து வாயில் போட்டுக்கொண்டேன். மென்றபடி நோட்டைப் பிரித்து என் பெருமையைப் புரட்டினேன். காற்றில் பக்கம் படபடத்தது. ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்தேன். அந்த இடத்தில் ஒட்டியிருந்தது காலையில் எடுத்த துண்டு. இன்னும் முழுக்கக் காயவில்லை. விரலை எடுத்தேன். பழைய பொட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பொட்டு.

இரண்டும் ஒரே அளவு. இரண்டிலும் ஒரே மாதிரி ரேகை.

விரலைத் திருப்பிப் பார்த்தேன். நகக்கண்ணில் வெள்ளையாகச் சுண்ணாம்பு. அது இருபது வருஷமாக அங்கேதான் குடியிருக்கிறது. முந்தின பக்கத்தைப் புரட்டினேன். அதற்கு முந்தினதையும் புரட்டினேன். ஒவ்வொரு பொட்டும் என் விரல். இத்தனை வாரமாக நான் சோதித்தது கம்பெனித் தண்ணீரை இல்லை. என் வெற்றிலைச் சுண்ணாம்பைத்தான் திரும்பத் திரும்பச் சோதித்து, அது சுண்ணாம்புதான் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சாதாரண மனிதனுக்கு இந்த இடத்தில் வருத்தம் வரும். எனக்கு ஜெயில் வந்தது. அந்த நோட்டு போலீஸ்காரர்கள் கேட்காமலேயே தேதிவாரியாக நான் கொடுத்து வைத்த கைரேகை. கடலூர் ஜெயிலில் வெற்றிலைக்கு அனுமதி உண்டா என்பதுவரை யோசித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் மாடுகள் ஞாபகத்துக்கு வந்தன. இந்த வரிசையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வாரம் ஏரியில் தண்ணீர் வற்றி, வாய்க்காலில் வருவதே நூல் கணக்கு. இன்றைக்கு அங்கே ஓடுவது எங்கள் தண்ணீர்தான். மத்தியானம் ஏரை அவிழ்ப்பார்கள். மாடு குனியும்.

முண்டியம்பாக்கத்தில் பஸ் நின்றதும் குதித்தேன். கண்டக்டர், “விழுப்புரத்துக்கு டிக்கெட் வாங்கிக்கினு எங்க சார் போறீங்க?” என்று கத்தினார். வாய் நிறைய வெற்றிலை. பதில் சொல்ல முயன்றதில் என் கஞ்சி போட்ட வேட்டிதான் சிவந்தது.

எதிர்ப்பக்கம் பஸ் இல்லை. மல்லாட்டை மூட்டை ஏற்றின லாரி ஒன்று சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். டிரைவர் நிறுத்தி, என் கோலத்தைப் பார்த்தார்.

“என்னா சார், ஒரே பேஜாரா இருக்கீங்க. வூட்ல பிரசவமா?”

“இல்லப்பா. மாடு.”

“மாட்டுக்குப் பிரசவமா?”

“காளை மாடுப்பா.”

“சரி, ஏறுங்க. எங்கனா ஆசுபத்திரி பக்கம் எறக்கி விட்டுடறேன்” என்றார்.

உள்ளே இடமில்லாததால் மூட்டைக்கு மேலே உட்கார வைத்தார்கள். வழி நெடுக வாழ்க்கையில் சாமி கும்பிடாதவன் கும்பிட்டேன். மயிலம் மலை தூரத்தில் தெரிந்ததும் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். என் தலையில் அப்போதே பாதி காலி. மீதியைக் கொடுத்து முருகனை ஏமாற்றப் பார்த்தேன்.

திண்டிவனத்தில் இறங்கி, கிடைத்த வண்டியில் கம்பெனிக்கு வந்து நேராகக் குழிக்கு ஓடினேன். தொட்டிக்காரர் சட்டியில் கேப்பைக் கூழை வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் பலகையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். அது விரலில் விழுந்தது. அதே ஆள்காட்டி விரல். அதற்கு வேண்டியதுதான்.

“இந்தத் தண்ணிக்கு எவ்ளோ சுண்ணாம்பு போட்டே?” என்றேன்.

“இதுக்கா? மூட்டை வரல சார். அடியில கெடந்தத வழிச்சிப் போட்டேன். ஒரு மொறம் இருக்கும்.”

“ஒரு மொறமா? ஏன் எங்கிட்ட சொல்லல?”

“எதுக்கு சார் சொல்லணும்? முன்ன ரெண்டு தபா சுண்ணாம்பு சுத்தமா இல்லாமயே தொறந்தோமே. நீங்க தொட்டா செவக்குது. உங்க கைராசின்னு வாட்ச்மேன்கிட்டகூடச் சொல்லிக்கினு இருந்தேன்.”

அவர் கிண்டல் பண்ணவில்லை. மனசாரச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

வாய்க்கால் கரையோடு ஓடினேன். கடைசியாக நான் ஓடியது எப்போது என்று எனக்கே தெரியாது. செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. நிலம் தெரிந்தபோது ஏரை அவிழ்த்தாகிவிட்டது. அந்த அம்மா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வர, மாடுகள் இரண்டும் வாய்க்காலைப் பார்த்து வேகமாக வந்துகொண்டிருந்தன. நான் குறுக்கே போய்க் கையை விரித்து நின்றேன்.

“என்னாப்பா ஓடியாற? கம்பெனி பத்திக்கிச்சா?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நொடியில் என் நாக்கு அதற்கு இசையவில்லை.

“பாம்புக்கா. வாய்க்கால்ல பாம்பு. மாட்ட வுடாதீங்க.”

வேறு யாராக இருந்தாலும் மாட்டை ஓட்டிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போயிருப்பார்கள். இந்த அம்மா மாட்டை வேம்பில் கட்டினார், மாடு ஓட்டுகிற தார்க்குச்சியை எடுத்தார், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக வாய்க்காலில் இறங்கினார்.

“எங்க? எந்தப் பக்கம் போச்சி?”

“வேணாங்கா, மேல வாங்க.”

“நாளைக்கும் மாடு இங்கதானப்பா குடிக்கணும். நல்ல பாம்பா, தண்ணிப் பாம்பா?”

“தண்ணி… தண்ணிப் பாம்புதான். போயிடுச்சிக்கா. ஜல்தி மேல வாங்க.”

அவர் ஏறவில்லை. குச்சியால் புல்லைத் தட்டிக்கொண்டே போனவர் நின்றார். ஒரு காலைத் தூக்கிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். வெயிலில் உழுகிற கால். குதிகால் முழுக்கப் பாளம் பாளமாக வெடிப்பு.

“எரியுதேப்பா,” என்றார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அதற்கு மேல் எனக்குப் பொய் ஊறவில்லை. அவர் மேலே ஏறி வர, கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைப் பிரித்துக் காட்டினேன். விரலைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நோட்டைப் புரிந்துகொள்ள என் மேனேஜருக்கு ஆன நேரம்கூட அவருக்கு ஆகவில்லை. ஒரு பொட்டின் மேல் என் விரலைப் பிடித்து வைத்துப் பார்த்தார்.

“எத்தன தபா இப்படி?”

“தெரியலக்கா. எல்லாமே இதே விரல்தான்.”

அவர் நிலத்துப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். வாய்க்கால் தண்ணீர் பாய்கிற கடைசி இரண்டு பாத்தியில் மல்லாட்டைச் செடிகள் நுனி கருகி, இலை சுருண்டு நின்றன.

“பூச்சின்னு நெனச்சி சாம்பல் தூவிக்கினு இருந்தேன்,” என்றார். “அந்தச் செவல மாடு ஒரு வாரமா கழிஞ்சிக்கினு இருந்தது. அதுக்கும் என்னென்னவோ அரைச்சி ஊத்தினேன். நீங்கதான் காகிதம் வெச்சிப் பாக்கறீங்களேன்னு நெனச்சேன்.”

திட்டியிருந்தால் ஏதாவது எதிர்க்கதை பேசித் தப்பித்திருப்பேன். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் எந்தக் கிண்டலும் இல்லை. வீட்டுக்கு வந்தும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவர் கிணற்றில் நீர் சேந்திக் காலைக் கழுவ உதவினேன். மாடுகளுக்கும் அங்கேயே சேந்தி வைத்தேன். வாளி எங்கள் கம்பெனி வாளி. செவலை இரண்டு வாளி குடித்தது. வெளிர் நிறத்துப் பில்லை மாடு மூன்று. கையெல்லாம் கொப்புளம். அப்போதும் நான் கம்பெனி வாளியின் கைப்பிடி சரியில்லை என்று புகார் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். குணம் எங்கே போகும்.

சாயங்காலம் மேனேஜரிடம் சொன்னேன். அவர் நோட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைத் திட்டாமல், மறுநாளே விழுப்புரம் போய் முதலாளியிடம் என் வாயாலேயே சொல்லிவிட்டு வரச் சொன்னார். போனேன். பம்பாய்க்காரர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். முதலாளி கேட்டுவிட்டு, வழக்கம்போலக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அங்கே நாற்றம் என்று என்னைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

வேலை போகவில்லை. சோதிக்கிற காகிதம் வாங்க மேனேஜரே சென்னைக்குப் போய் ஒரு கட்டு கொண்டுவந்தார். இரண்டாவது குழி வெட்டினோம். சுண்ணாம்பு மூட்டை வராத வாரம் தொட்டியில் வேலை கிடையாது என்று எழுதி ஒட்டினார்கள். அதற்கு முதலாளியும் ஒத்துக்கொண்டார். அந்தக் கோடை முடியும்வரை வண்டியில் நல்ல தண்ணீர் கொண்டுபோய் அந்த இரண்டு பாத்திக்கும் ஊற்றினோம். பாதிச் செடி பிழைத்தது. செவலைக்கு வயிறு சரியாயிற்று.

ஆனால் வாய்க்காலில் மறுபடி தண்ணீர் விட அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மேனேஜர் புதுக் காகிதத்தைக் காட்டி விளக்கிச் சொன்னார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

“காகிதம் உங்களுக்குங்க. எனக்கு இவர அனுப்புங்க. தொறக்கற அன்னிக்கு இங்க வந்து என் கண்ணு முன்னால ஒரு வாயி அள்ளிக் கொப்பளிக்கட்டும். அப்பறம் மாட்ட வுடறேன்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். சிரிக்கத் தெரியாத மனிதர் என்று சொன்னேன் இல்லையா, அன்றைக்குக் கொஞ்சம் தெரிந்தது.

இப்படி என் இரண்டாவது உத்தியோகம் தொடங்கியது. செவ்வாயும் வெள்ளியும் மூன்று காகிதம் வைத்துப் பார்ப்பேன். தொட்டிக்காரரை ஒன்று வைக்கச் சொல்வேன். வாட்ச்மேனையும் ஒன்று வைக்கச் சொல்வேன். வைப்பதற்கு முன்னால் மூன்று பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சந்தேகம் இருந்தால் பலகையைத் தொடவே விடமாட்டேன், ஏனென்றால் அந்தத் தண்ணீர் போய்ச் சேருகிற இடம் இப்போது என் வாய். அந்த வருஷத்திலிருந்து எங்கள் கம்பெனியில் என்னைவிடக் கறாரான ஆள் கிடையாது. வெற்றிலையையும் விட்டேன். சுண்ணாம்பு டப்பியைக் கண்டால் விரல் தானாக வேட்டியில் துடைத்துக்கொள்ளும். என் மனைவி, நான் யாரோ சாமியாரிடம் உபதேசம் வாங்கிவிட்டதாக அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் கரையில் உட்கார்ந்து அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்புவேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்குப் பின்னால் மாடுகள் இரண்டும் பார்க்கும். நான் “ம்” என்று சொன்னதும் கயிற்றைத் தளர்த்துவார்.

ஏழெட்டு மாதம் போனபின் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்குத் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. எனக்குப் பழைய அரிப்பு. கொப்பளித்ததும் கண்ணை மூடி, முகத்தை எட்டுக் கோணலாக்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரையில் சாய்ந்தேன். நாலு நொடி கழித்து எழுந்து சிரித்தேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. மாட்டைத் திருப்பிக் கிணற்றுப் பக்கம் ஓட்டினார்.

“சும்மாக்கா. தமாசுக்குப் பண்ணேன். நல்லா இருக்குது தண்ணி.”

“இருக்கும்,” என்றார் திரும்பாமல். “ஆனா எனக்குப் பாக்கறதுக்கு உன் மொகம் ஒண்ணுதானப்பா இருக்குது.”

அடுத்த செவ்வாயும் வெள்ளியும் பலகையைத் தூக்க அந்த அம்மா விடவில்லை. குழி நிரம்பித் தொட்டி வேலை நின்றது. மேனேஜர் காரணம் கேட்டார், சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதற்கும் அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரையில் உட்கார்ந்தேன். அள்ளினேன், கொப்பளித்தேன், துப்பினேன். மூக்கு அரித்தது. சொறியவில்லை. முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கயிற்றை விட்டார். செவலை என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் குடிக்கக் குனிந்தது.